டெக்சாஸில் சர்வேயர் உரிமம்: நாலு வருஷம் யோசித்த கதை

சான் ஆண்டோனியோவுக்கு வடமேற்கே ஒரு ஆட்டுப் பண்ணை. 2017 ஆகஸ்ட், வெயில் 104 டிகிரி. சீடார் புதரை வெட்டிக்கொண்டே தென்கிழக்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே ஒன்றுக்கு மூன்றாக இரும்புக் கம்பிகள். மூன்றும் அரை அங்குலக் கம்பி. ஒன்றின் தலையில் மஞ்சள் மூடி, இன்னொன்றில் சிவப்பு மூடி, மூன்றாவது மொட்டை. வெவ்வேறு காலத்தில் வந்த மூன்று சர்வேயர்கள் ஆளுக்கொரு கம்பி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பத்திரத்தில் இருந்த கோணத்தையும் தூரத்தையும் வைத்து நான் கணக்குப் போட்டேன். மூலை விழ வேண்டிய இடத்திலிருந்து ஒரு கம்பி 0.4 அடி தள்ளி, ஒன்று 0.9 அடி, மொட்டைக் கம்பி 1.6 அடி. எதுவும் பொருந்தவில்லை. கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி கையில் இருக்கிறது, சிவில் பட்டம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? "சரியான இடத்தில் நாலாவது கம்பியை அடித்துவிடலாமா?" என்று கேட்டேன். குழுத் தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலாளிக்கு போன் போட்டார்.

முதலாளிக்கு அப்போதே வயது அறுபதுக்கு மேல். வந்தவர் கருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1930-களின் பத்திர நகலை விரித்து, "கற்குவியல்; அதிலிருந்து 14 வாரா தூரத்தில் எக்ஸ் குறியிட்ட ஓக் மரம்" என்ற வரியைக் காட்டினார். வாரா என்பது ஸ்பானியர் காலத்து அளவு. டெக்சாஸில் ஒரு வாரா 33⅓ அங்குலம். 14 வாரா என்றால் ஏறக்குறைய 38.9 அடி. ஓக் மரத்தைக் காணவில்லை. ஆனால் அவர் பத்து நிமிஷம் அலைந்து, மண்ணோடு மண்ணாக மக்கிப்போன ஒரு அடிமரத்தைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து டேப்பைப் பிடித்து, மண்டியிட்டு, இலைச்சருகைக் கையால் ஒதுக்கி, பேனாக்கத்தியால் குத்திக் குத்திப் பார்த்தார். நாலு அங்குலம் கீழே கல் தட்டியது. அப்புறம் இன்னொரு கல், இன்னொன்று. கற்குவியலின் நடுவில் நின்றது எது என்று நினைக்கிறீர்கள்? என் கணக்குக்கு அதிகம் தள்ளியிருந்த மொட்டைக் கம்பி.

"உன் கணக்கில் தப்பில்லை," என்றார். "1930-களில் அளந்தவன் சங்கிலி பிடித்ததில்தான் கொஞ்சம் தப்பு. ஆனால் அவன் கல் வைத்த இடம்தான் மூலை. அதைத்தான் இரண்டு பக்கத்துக் காரனும் நம்பி நிலம் வாங்கினார்கள்."

உரிமம் எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி எனக்குள் விழுந்தது அந்த மூலையில்தான். பதில் கிடைக்க அதற்குப் பிறகும் நாலு வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது மாதத்துக்கு ஒருவராவது, பெரும்பாலும் சிவில் படித்துவிட்டு மனைவியோடோ கணவரோடோ இங்கே வந்தவர்கள், இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். கட்டட வேலையில் சைட் இன்ஜினியராக ஆறு வருஷம் இருந்தேன். மனைவிக்கு எச்1பி வேலை விசா கிடைத்தபோது, துணைவருக்கான எச்4 விசாவில் பின்னால் வந்தேன். எச்4-ல் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் வேலை செய்யலாம் என்ற விதி 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. வேலை அனுமதி அட்டை கையில் கிடைத்ததும் கட்டுமானக் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓய்ந்து, கடைசியில் ஒரு சின்ன சர்வே கம்பெனியில் ராட் என்ற அளவுகோலைப் பிடிக்கும் ஆளாகச் சேர்ந்தேன். மணிக்கு 16 டாலர். வெட்டுக்கத்தி, கம்பி அடிக்கும் சுத்தியல், ஷான்ஸ்டெட் என்று கம்பெனிப் பெயரிலேயே எல்லோரும் சொல்லும் மஞ்சள் நிறக் காந்தத் தேடி, இவற்றைச் சுமப்பதுதான் உத்தியோகம்.

அப்பாவுக்கு போனில் சொன்னபோது, "ஏல, இன்ஜினியருக்குப் படிச்சுட்டு சர்வேயர் வேலைக்கா போற?" என்றார். கொஞ்சம் விட்டு, "அங்கயும் சர்வேயர் வந்தா இளநி வெட்டிக் குடுப்பாங்களா?"

அப்பாவின் கேள்வியில் விஷயம் இருந்தது. நம் ஊரில் சர்வேயர் என்றால் அரசாங்கம். மனு கொடுத்தால் வருவார், எஃப்எம்பி என்ற புலப்படத்தைப் பார்த்து அளப்பார், கல்லைக் காட்டுவார். படம் அரசாங்கத்துடையது, எண்ணும் அரசாங்கத்துடையது. டெக்சாஸில் வீட்டு மனைக்கு எல்லை காட்ட அப்படி ஒரு அரசாங்க ஆள் வருவதில்லை. உரிமம் பெற்ற தனியார் சர்வேயர் ஒருவர் பழைய பத்திரங்களைத் தேடி, களத்தில் சாட்சியங்களைத் தேடி, "என் தொழில்முறைக் கருத்துப்படி எல்லை இங்கே" என்று படம் வரைந்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போடுகிறார். அது கருத்துதான். இறுதித் தீர்ப்பு நீதிமன்றத்துக்கு. ஆனால் வீடு வாங்குகிறவர், வங்கி, வேலி போடுகிறவர் எல்லோரும் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நடக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெரும்பகுதி சதுரம் சதுரமாக ஒன்றிய அரசு அளந்து பிரித்த நிலம். டெக்சாஸ் அப்படியில்லை. 1845-ல் தனி நாடாக இருந்து அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது. அதனால் ஸ்பானிய, மெக்சிகோ காலத்து மானியங்கள், குதிரையில் போய் அளந்த குறிப்புகள் எல்லாம் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. ஆஸ்டினில் உள்ள மாநில நில அலுவலகத்தில் அந்தக் கையெழுத்துக் குறிப்புகளைப் பார்க்கலாம். "ஆற்றங்கரையில் மூன்று பெக்கான் மரங்கள்" என்று ஆரம்பிக்கும் ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு இன்றைய ஷாப்பிங் மாலின் எல்லையைச் சொல்ல வேண்டியிருக்கும். பட்டா மேல்முறையீடு பார்த்து வளர்ந்தவனுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் வேலை பிடிப்பது ஒன்று, உரிமம் எடுப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் நான் வருஷங்களை வீணாக்கினேன்.

2018-ல் எஃப்எஸ் என்ற அடிப்படைத் தேர்வை எழுதினேன். நாடு முழுவதற்கும் பொதுவானது, என்சிஇஇஎஸ் என்ற தேசிய அமைப்பு நடத்துவது. 110 கேள்விகள், கணினி மையத்தில் ஆறு மணி நேரம். வருஷம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். தேர்வில் தரும் கையேட்டை முன்கூட்டியே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சிவில் படித்தவனுக்கு வளைவுக் கணக்கு, பிழைச் சரிக்கட்டல், லெவலிங் எல்லாம் பழகியவை. கல்லூரி சர்வே கேம்பில் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தது அப்போதுதான் உருப்படியாகப் பயன்பட்டது. இடறியது எல்லைச் சட்டம் மட்டுமே. முதல் தடவையே தேறிவிட்டேன்.

தேறியதும் எல்லோரும் "அடுத்து என்ன?" என்றார்கள். எனக்குத் தயக்கம். நண்பர்கள், "சிவில் படிச்சிருக்க, பிஇ-ன்னு பொறியாளர் உரிமத்துக்கு இருக்கிற தேர்வ எழுதேன். சாலை டிசைன், வடிகால் டிசைன், ஏசி ரூம்" என்றார்கள். நியாயமான பேச்சு. இங்கே பொறியாளர் உரிமம் இருந்தாலும் எல்லை சர்வேயில் கையெழுத்துப் போட முடியாது. இரண்டும் தனித்தனிப் பாதை. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தேர்ந்தெடுக்காமல் குழுத் தலைவராகவே காலத்தை ஓட்டினேன். மணிக்கு 27 டாலர் வந்தது, வீட்டில் மனைவி சம்பளம் இருந்தது, தலைக்கு மேல் முதலாளி இருந்தார்.

2019-ல் ஒரு பண்ணையை இரண்டாகப் பிரிக்கும் வேலை வந்தது. புது வேலிக்குக் குச்சி நடுவது என் பொறுப்பு. காலையில் டேட்டா கலெக்டரில், அதாவது அளவுகளைப் பதிவு செய்யும் கைக்கணினியில், புது ஜாப் திறக்கும்போது அளவு அலகில் 'சர்வே அடி' என்பதற்குப் பதிலாக 'சர்வதேச அடி'யைத் தொட்டுவிட்டேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சம் அடிக்கு வெறும் இரண்டடி. வீட்டு மனை அகலத்துக்குப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் நாங்கள் பயன்படுத்தும் மாநில ஆயத்தொலைவு முறையில் சான் ஆண்டோனியோ எவ்வளவு வடக்கே இருக்கிறது என்று காட்டும் எண் ஒரு கோடியே 37 லட்சம் அடியைத் தொடும். கணக்குப் பாருங்கள்: 27 அடி. மொத்த வேலிக் கோடும் 27 அடி தள்ளிப் போய்விட்டது. சுற்றிலும் வெட்டவெளி, கண்ணுக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. தெரிந்த ஒரு கம்பியில் போய்ச் சரிபார்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் பிடித்திருக்கலாம். மணி நாலு, நாக்கு வறண்டுவிட்டது, பார்க்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் புள்ளிகளைப் படத்தில் ஏற்றியபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. போன் போடுவதற்குள் வேலிக்காரர் ஆறு குழி தோண்டிவிட்டார், அதுவும் சுண்ணாம்புப் பாறையில். முதலாளி என்னைத் திட்டவில்லை. நேரே போய் வேலிக்காரருக்குக் காசு கொடுத்தார், நில உரிமையாளரிடம் தன் பெயரில் மன்னிப்புக் கேட்டார். வண்டியில் திரும்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "அந்தக் குச்சியில் உன் பெயர் இல்லை. என் உரிம எண்தான் இருந்தது."

(2022 டிசம்பர் 31-உடன் அந்தப் பழைய சர்வே அடியை அமெரிக்கா கைவிட்டது. ஆனால் பழைய படங்கள், பழைய ஆயத்தொலைவுகள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. ஆகவே இந்தப் பள்ளம் இன்னும் மூடப்படவில்லை. புது ஜாப் திறந்தால் முதலில் அலகு, அடுத்து தெரிந்த புள்ளி. இதை நான் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.)

முதலாளி வண்டியில் சொன்ன அந்த வாக்கியம் என்னை ஒரு வருஷத்துக்கு உரிமத்தின் பக்கமே போகவிடாமல் பண்ணியது. என் தப்புக்கு இன்னொருவர் எண் இருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் புரிந்தது. டெக்சாஸ் சட்டப்படி, சர்வே முடிந்து 10 வருஷம் வரை சர்வேயர் மேல் வழக்குப் போடலாம். கம்பெனி காப்பீடு எடுத்து வைத்திருக்கும், சரி. ஆனால் உரிமம் தரும் மாநில வாரியத்தின் முன்னால் போய் நிற்பது உரிமம் வைத்திருப்பவர்தான். ராத்திரி தூக்கத்தில் 27 அடி வந்துபோகிற ஆளுக்கு இது தேவையா?

மனசு மாறியது எப்படி என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. 2021-ல் வேலை அட்டையைப் புதுப்பிக்க அனுப்பி, அது வந்து சேர மூன்று மாதம் ஆனது. வேலைக்குப் போகக்கூடாது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு பொழுது போகாமல் எல்லை வழக்குத் தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன். 1867-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொன்ன ஸ்டாஃபோர்ட் எதிர் கிங் என்ற தீர்ப்பு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. பத்திரத்தில் முரண்பாடு வந்தால் எதை முதலில் நம்ப வேண்டும்? ஆறு, மரம் போன்ற இயற்கைப் பொருள். அடுத்து கல், கம்பி போல மனிதன் வைத்தது. அதற்கடுத்து திசை. அதற்கும் பின்னால்தான் தூரம். நான் கல்லூரியில் மில்லிமீட்டர் கணக்கில் மாரடித்த தூரத்துக்கு வரிசையில் கடைசி இடம்! 2017-ன் மொட்டைக் கம்பி அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அந்த மூலையில் முதலாளி செய்ததை நானே செய்ய வேண்டும், இன்னொருவர் வந்து மண்டியிடும்வரை காத்திருக்கக் கூடாது என்ற ஆசை பயத்தைக் கொஞ்சம் மிஞ்சியது. அவ்வளவுதான்.

இனி வழிமுறை. முதல் தடை என் பட்டம். நான் போன பட்டப்படிப்புப் பாதைக்கு இளநிலைப் பட்டமும், அதில் சர்வே, சிவில், கணிதம், நிலச் சட்டம் போன்ற பாடங்களில் 32 செமஸ்டர் கிரெடிட்டும் தேவைப்பட்டது. நம் ஊர் சிவில் பட்டத்தில் இது பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் நிரூபிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக மதிப்பீட்டு அமைப்புக்குப் போக வேண்டும். பாடத்திட்ட விவரமும் வேண்டும். என் மச்சான் ஒருவன் இதற்காக ஏழு தடவை அலைந்தான். ஆகவே உரிமம் எடுப்பதா என்று முடிவு செய்வதற்கு முன்பே, அடுத்து ஊருக்குப் போகும்போது இந்த வேலையை முடித்துவிடுங்கள். முடிவு வேண்டாம் என்று ஆனாலும் பட்டியல் எங்கும் போய்விடாது. விதிகளை மாநில வாரியத்தின் தளத்தில் பாருங்கள், என்னைப் போன்றவர்களின் பேச்சில் அல்ல. 2019-ல் இங்கே சர்வேயர் வாரியத்தையும் பொறியாளர் வாரியத்தையும் ஒன்றாக்கினார்கள், அதற்குப் பிறகும் விதிகள் மாறியிருக்கின்றன.

இரண்டாவது, யாரிடம் வேலை பார்க்கிறீர்கள் என்பது சம்பளத்தைவிட முக்கியம். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரின் கீழ், பொறுப்போடு வேலை செய்த அனுபவம் இரண்டு வருஷம் காட்ட வேண்டும். 'பொறுப்போடு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஆறு வருஷம் கருவி பிடித்திருந்தாலும் அது வேறு கணக்கு. நான் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, வேலை, அதற்குப் பக்கத்தில் நான் என்ன அளந்தேன் என்று எழுதாமல், என்ன முடிவு செய்தேன் என்று எழுதினேன். 'வேலியை எல்லையாக எடுக்கவில்லை, காரணம் இது.' 'இரண்டு பத்திரங்களில் மூத்தது எது என்று பார்த்தேன்.' விண்ணப்பத்தை நிரப்பும்போது அந்த நோட்டு பாதி வேலையை முடித்துவிட்டது. எழுத எதுவுமே இல்லாமல் நாலு மாதம் போனால், அந்தக் கம்பெனியில் உங்களைக் கைகாலாக மட்டும்தான் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலாளியிடம் பேசுங்கள், சரிப்படாவிட்டால் மாறுங்கள்.

மூன்றாவது, எஃப்எஸ்ஸுக்கு அடுத்த கட்டமான பிஎஸ் என்ற தொழில்முறைத் தேர்வு. நான் எழுதியபோது 100 கேள்விகள். 2022 வசந்தத்தில் எழுதி ஃபெயில். எஃப்எஸ் மாதிரிக் கணக்காக இருக்கும் என்று கணக்கையே படித்துக்கொண்டு போனதுதான் கோளாறு. தேறாதவர்களுக்கு எந்தப் பகுதியில் பலவீனம் என்று ஒரு அறிக்கை அனுப்புவார்கள். என் அறிக்கையில் சட்டமும் தொழில் நடைமுறையும் தரைமட்டம். அப்புறம் ஆறு மாதம், தினம் காலை ஐந்து முதல் ஆறரை வரை, கணக்கைத் தொடவே இல்லை. இலையுதிர்காலத்தில் தேறினேன். கடைசியாக மாநிலத் தேர்வு. வாராவும் பழைய மானியங்களும் வருவது அங்கேதான். அதற்கு முதலாளியோடு மதியச் சாப்பாட்டில் பேசிய பேச்சே போதுமானதாக இருந்தது. 2023-ல் எண் கிடைத்தது.

யார் இதை எடுக்க வேண்டாம் என்றும் எனக்குக் கருத்து உண்டு. துணைவரின் வேலை எந்த மாநிலத்துக்கு மாறும் என்றே தெரியாதவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த உரிமம் மாநிலத்தோடு கட்டுண்டது. எஃப்எஸ், பிஎஸ் கூடவே வரும். மாநிலத் தேர்வை அங்கே மறுபடி எழுத வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடலாம் என்பதால் எஃப்எஸ்ஸை மட்டும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிரோன், லேசரால் அளக்கும் லைடார், படம் வரைதல் இவற்றில்தான் மனம் போகிறது என்றால், அதில் உரிமம் இல்லாமலேயே நல்ல வேலை கிடைக்கிறது. யாரிடமும் "உங்கள் வேலி பக்கத்துக்காரர் நிலத்தில் மூன்றடி நிற்கிறது" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவர்களும் யோசியுங்கள். துப்பாக்கியோடு வாசலில் நின்று கேட்டவர்களும் உண்டு; மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

சம்பளம்? ஏறியது. ஆனால் எண் கிடைத்த பிறகு வேலை நேரத்தில் பாதி பத்திரம் தேடுவதிலும் போன் பேசுவதிலும் போகிறது. வெயில் குறைந்தது, தூக்கமும் கொஞ்சம் குறைந்தது. எங்கள் தொழில் கூட்டங்களுக்குப் போனால் நரைத்த தலைகள்தான் அதிகம். ஓய்வுபெறப் போகிறவர்கள் தங்கள் கோப்பு அலமாரியை யாரிடம் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு தெரிந்த, பழைய காகிதத்தைப் பொறுமையாகப் படிக்கிற ஆளுக்கு இங்கே இடம் இருக்கிறது.

உரிமம் வந்த அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். முதல் தடவையாக அவருக்குச் சர்வேயர் வேலை மேல் மரியாதை வந்த மாதிரி இருந்தது. "ரொம்ப நல்லது. அடுத்த தடவ வரும்போது அந்தக் கருவியக் கொண்டு வந்துரு. மேக்காட்டு வயல்ல பக்கத்து வயக்காரன் வருஷம் வருஷம் வரப்ப வெட்டிக்கிட்டே வாறான். நீயே அளந்து கல்லப் போட்டுரு."

"அப்பா, என் உரிமம் டெக்சாஸுக்கு மட்டும்தான். பக்கத்து மாநிலத்துலகூட நான் ஒரு கம்பி அடிக்க முடியாது. நம்ம வயலுக்கு தாலுகா ஆபீஸ்லதான் மனுக் கொடுக்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப என்னலே சர்வேயரு நீ," என்றுவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.